சம்பந்தி வீட்டுக் கசாயம்

ஒரு வருடத்துக்கு மேலாக என் அக்கா, தனக்குச் சம்பந்தியாக வரப்போகிறவர் பிறேசிலில் ஒரு பரியாரியார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பரியாரியார் என்றால் எங்கள் பக்கத்தில் நாட்டு வைத்தியர். நாடி பார்த்து, வேர் இடித்து, கசாயம் காய்ச்சிக் கொடுக்கிறவர். அந்த மனிதரும் காய்ச்சத்தான் காய்ச்சினார். அவர் காய்ச்சியது கரும்புச் சாராயம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. என் மருமகள், அதாவது அக்காவின் மகள், மொன்றியலில் பிறந்தவள். படிப்பு பிரெஞ்சில், சிநேகிதம் ஆங்கிலத்தில், தாயோடு மட்டும் தமிழ். அந்தத் தமிழில் சாப்பாடு, குளிர், கோயில், ஏச்சு எல்லாம் இருந்தன. கசாயம் இல்லை. தடிமன் வந்தால் அக்கா அவளுக்கு மல்லித்தண்ணி வைத்துக் கொடுப்பாள். அதை அவள் மல்லித்தண்ணி என்றுதான் அறிந்திருந்தாள்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிப்பிக்கிற வளாகத்தில் அவள் மண் பற்றிப் படித்தாள். அங்கே ஒரு பிறேசில் பையனைச் சந்தித்தாள். இரண்டு பேரும் கலியாணம் கட்டுவது என்று முடிவான பிறகு தாயிடம் வந்து சொன்னாள். அக்கா முதலில் கேட்டது, வேதக்காரனோ என்று. ஓம், எங்களைப் போலவே கத்தோலிக்கர். அடுத்துக் கேட்டது, தகப்பன் என்ன செய்கிறார்.

"அவரின்ரை அப்பா கஷாசா செய்யிறவர், அம்மா."

"கசாயமோ? என்னத்திலை செய்யிறவர்?"

"கரும்பிலை."

கரும்பில் செய்வதைச் சொன்னாள் பிள்ளை. அக்காவின் காதில் விழுந்தது கரும்பு இலை. கரும்பு இலையில் கசாயம் வைக்கிற பரியாரியார் குடும்பம். அக்காவுக்குப் பரம திருப்தி. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே செய்தி பரவிவிட்டது.

அந்தக் காலத்தில் நான் மொன்றியலில் இல்லை. நான் எந்த இடத்திலும் அதிகம் இருந்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. சண்டை வந்தது, கொழும்புக்குப் போனேன். அங்கிருந்து ஒரு ஏஜென்ட் கனடா என்று சொல்லி ஏற்றி அனுப்பினான். பிறேசிலில், சாவோ பாலோவில் இறக்கிவிட்டு, இரண்டு கிழமையில் வருகிறேன் என்றான். வரவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாராயக் கடையில் கிளாஸ் கழுவினேன். கழுவிக் கழுவி மொழி வந்தது. பிறகு தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வெட்ட விட்டார்கள், பிறகு கலக்க விட்டார்கள். சில வருடம் அப்படிப் போனது. அங்கிருந்து கனடாவுக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது, அதில் பெரும்பகுதி நடை.

வந்த பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. கிழக்கே மீன் பதனிடுகிற தொழிற்சாலை, மேற்கே எண்ணெய் முகாமில் சமையல். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் மொன்றியலுக்கு வந்தேன். சுட்ட இறைச்சி பரிமாறுகிற ஒரு பிறேசில் சாப்பாட்டுக் கடையில், அவர்கள் மொழி தெரிந்த மதுக் கலவைக்காரன் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அன்றைக்கே வேலை.

அங்கே நான் நாள் முழுக்கச் செய்வது கைப்பிரினியா. பிறேசிலில் ஊர்ப்புறத்தானைக் கைப்பிரா என்பார்கள். இது அவனுக்குச் செல்லப்பெயர், சின்னப் பட்டிக்காட்டான். செய்வது சுலபம், பிழைவிடுவது அதைவிடச் சுலபம். தேசிக்காயை வெட்டி நடுவில் உள்ள வெள்ளை நாரை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கைக்கும். சீனி போட்டு மரக்கட்டையால் அமுக்க வேண்டும். இடிக்கக் கூடாது. இடித்தாலும் கைக்கும். அதன் மேல் ஐஸ், அதன் மேல் கஷாசா. ரம் பெரும்பாலும் சீனி எடுத்த பிறகு மிஞ்சுகிற பாகில் வருவது. கஷாசா பச்சைக் கரும்புச் சாற்றைப் புளிக்க விட்டுச் செம்புப் பானையில் காய்ச்சுவது. நல்லதாக இருந்தால் கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகும்போதே கரும்பு தெரியும். சீனிக்குப் பதில் மேப்பிள் பாகு விட்டுக் கேட்கிற கியூபெக்காரர் உண்டு. செய்து கொடுப்பேன். நான் எனக்குச் செய்தால் பனங்கட்டி, எங்கள் ஊர்ப் பனைவெல்லம்.

அக்காவுக்கு இந்த வேலை பிடிக்காது. யாராவது தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டால், "ஜூஸ் அடிக்கிறான்" என்பாள். அதற்குக் காரணம் உண்டு. அத்தான் குடித்தே செத்தவர். குடித்ததைவிட ஒளித்ததுதான் அக்காவை அதிகம் தின்றது. அரிசி வாளிக்குள் போத்தல். கக்கூசுத் தண்ணித் தொட்டிக்குள் போத்தல். ஒரு நத்தார் பண்டிகைக்கு இயேசு பாலன் குடில் கட்ட அக்கா பெட்டியைத் திறந்தபோது, சூசையப்பருக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் ஒரு போத்தல் வைக்கோலில் படுத்திருந்தது. அதை இப்போது அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஈரல் போய், ஆஸ்பத்திரியில் மஞ்சளாகக் கிடந்து அத்தான் முடிந்தபோது பிள்ளை சின்னவள்.

அதனால், நான் மொன்றியலுக்கு வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக் குசினியில் சோறு போட்டுக்கொண்டு அக்கா சம்பந்தியின் பெருமையைச் சொன்னபோது, அது கஷாசா என்று விளங்கியும் நான் கோப்பையைப் பார்த்தே சாப்பிட்டேன்.

"பிறேசிலிலையும் பரியாரிமார் இருக்கினமோடா?"

"இருக்கினம்."

"கரும்பு இலைக் கசாயம் குடிச்சிருக்கிறியே நீ?"

"கரும்பிலை செய்யிறது நிறையக் குடிச்சனான், அக்கா."

"அதுதான் உனக்கு ஒரு நோய் வருத்தமும் வாறேல்லை" என்றாள், இன்னொரு அகப்பை போட்டாள்.

மருமகளைத் தேடிப்போய்ச் சொன்னேன். அவளுடைய வளாகத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கசாயம் என்றால் என்ன என்று நான் விளக்க, அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"மாமா, அம்மா இதை விடமாட்டா. சாராயம் காய்ச்சிற வீடெண்டு தெரிஞ்சால் விடவே மாட்டா."

"விடமாட்டாதான்."

"அம்மாவை விட்டிட்டு எனக்குக் கட்டேலாது. அவரை விடவும் ஏலாது. நான் என்ன செய்ய?"

சித்திரையில் பையனின் தாய் தகப்பன் வருகிறார்கள், அதுவரைக்கும் பார்ப்போம் என்றேன். பிரச்சினையைத் தள்ளிவைப்பதில் எனக்கு நல்ல பழக்கம். நாடு நாடாகத் தள்ளியவன்.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவோரத்தில் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது. தகப்பன் பருத்த மனிதர், இரவல் குளிர்ச்சட்டைக்குள் இறுகிப்போய், மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தாய் சின்ன உருவம், கண் எல்லாவற்றையும் ஒரு தரம் தொட்டுப் பார்த்தது. மொழிபெயர்க்க நான். குசினி வாசலில் மருமகள். அவளுக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய மாப்பிள்ளைப் பையன்.

நான் எதிர்பாராத ஓர் ஆளும் இருந்தாள். கீழ்வீட்டு அன்ரி. கோயிலில் அக்காவோடு பாடுகிறவள், நெடுநாளாய் முழங்கால் நோவு. தேத்தண்ணி வந்து சேருமுன் காலுறையைச் சுருட்டி முழங்காலை நீட்டிவிட்டாள்.

"தம்பி, இவரிட்டைச் சொல்லும். படி இறங்கேக்கைதான் நோவு. ஏறேக்கை அவ்வளவு இல்லை. இவர் என்ன மருந்து குடுப்பார் எண்டு கேளும்."

மருமகள் என்னைப் பார்த்தாள். அன்ரியின் முழங்கால் அறையின் நடுவில் இருந்தது. நான் கேட்டேன், உள்ளது உள்ளபடி: இந்த அம்மாவுக்கு முழங்கால் நோகிறது, உங்கள் ஊரில் இதற்கு என்ன செய்வீர்கள்.

அந்த மனிதர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. புது ஊரில் பெண் வீட்டில் முழங்கால் காட்டுவது வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். மெல்லக் குனிந்து, பெருவிரலால் இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்து, தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் ஒரு மஞ்சள் பூ இருக்கிறது, அதைக் கஷாசாவில் ஊறப்போட்டு, பிறகு தேய்க்க வேண்டும் என்றார். அதில் பொய் இல்லை. பிறேசிலில் பாதிப் பேருடைய வீட்டில் அப்படி ஒரு போத்தல் இருக்கும்.

மொழிபெயர்த்தேன். கஷாசா என்ற சொல்லை மொழிபெயர்க்கவில்லை. அக்காவுக்கு அது தேவையும் இல்லை.

"பாத்தீரே" என்றாள் அன்ரியிடம். "கை வைச்ச உடனை சொல்லிப்போட்டார். எங்கடை டொக்டர்மார் எண்டால் படம் எடுக்க ஆறு மாசம்."

மனிதர் மனைவியைப் பார்த்தார். மனைவி பையைத் திறந்து, கடுதாசியில் சுற்றி, அதன் மேல் துவாய் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். போத்தல். உள்ளே தேன் நிறம். முன்னால் மாதா படம் ஒட்டியிருந்தது. அவர்களுடைய ஊர்க் கோயில் மாதா, அவர் பெயரில்தான் காய்ச்சுகிறோம் என்றார் தகப்பன். அவரே அதை வாங்கி, இரண்டு கையாலும் ஏந்தி அக்காவிடம் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். படத்தைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டாள்.

"மாதா படம் போட்ட கசாயம்" என்றாள்.

"திறவும், திறவும். இப்பவே பூசிப் பாப்பம்" என்றாள் அன்ரி.

"மாமா" என்றாள் மருமகள், சத்தம் வராமல்.

அக்கா தக்கையை இழுத்தாள்.

வாசம் வர ஒரு கணம் போதும். நல்ல சரக்கு. மரப்பீப்பாயில் கிடந்த கரும்பு. என் வேலைத்தளத்தில் அதை ஒருவன் திறந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா வாயில் வைக்கவில்லை. அத்தானோடு வாழ்ந்தவளுக்கு வாயில் வைக்கத் தேவையில்லை. தக்கையைத் திருப்பி அடைத்தாள். போத்தலை மேசையில், மாதா முகம் சுவர்ப்பக்கம் போகாமல் பார்த்து வைத்தாள்.

"இது கசாயம் இல்லை" என்றாள்.

"இல்லை, அக்கா."

"உனக்குத் தெரியும்."

"ஓம்."

"எப்ப தொட்டு?"

"நீ சோறு போட்டுச் சொன்ன அண்டு தொட்டு."

"பிள்ளைக்கு?"

"அவள் முதலிலையே உண்மையைத்தான் சொன்னவள். உனக்குக் கசாயமாக் கேட்டுது. பேந்து தெரிஞ்சாப்போலையும் ரெண்டுபேரும் சும்மா இருந்திட்டம்."

அன்ரி காலுறையை மேலே இழுத்துவிட்டாள். பையன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். தகப்பன் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் என்ன பிழை செய்தேன் என்று என்னிடம் கேட்டார். நான் இரண்டு மூன்று வசனத்தில் சொன்னேன். அவருடைய சாராயத்தின் பெயர் எங்கள் மொழியில் மருந்தாகக் கேட்டது என்பதை. இந்த வீட்டு மனிதர் எதனால் செத்தார் என்பதை. முதல் பாதிக்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மனைவி முழங்கையால் ஒன்று போட்டார். இரண்டாம் பாதிக்கு அவர் எழுந்து நின்றார். போத்தலைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல் என்றார்.

நான் சொல்வதற்கு முன் அக்கா கையை நீட்டி மறித்தாள்.

"இவரிட்டை ஒண்டு கேள். இதை வீட்டிலை எங்கை வைச்சிருக்கிறவர்?"

எவ்வளவு குடிப்பார் என்று கேட்பாள் என்றுதான் நான் காத்திருந்தேன். கேட்டதை அப்படியே கேட்டேன்.

மனிதருக்கும் விளங்கவில்லை. "மேசையில்தான். வேறு எங்கே வைக்கிறது?"

தாய்க்கு விளங்கிவிட்டது. அவர் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார், நடுவில் நான் இருப்பதை மறந்தவர் மாதிரி. சாப்பாட்டுக்கு முன் அவருக்கு ஒரு சின்னக் கிளாஸ். இரண்டாவதுக்குக் கை போனால் போத்தலை நான் எடுத்துவிடுவேன், யார் முன்னால் என்றாலும். காய்ச்சுகிற வீட்டிலும் அதனால் செத்தவர்கள் இருக்கிறார்கள். என் தம்பி ஒருவன். அவன் மாட்டுத் தொழுவத்தில் ஒளித்துவைத்துக் குடித்தான் என்றார்.

இதை மொழிபெயர்த்தேன். அக்கா குசினிக்குள் போய்விட்டாள். மருமகள் பின்னால் போகப் பார்த்தாள். "அங்கையே நில்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பானை மூடி திறக்கிற சத்தம். தண்ணி ஓடுகிற சத்தம். மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டு நகத்தைக் கடித்தாள். பையன் அவள் கையைப் பிடித்து இறக்கினான். பிரெஞ்சில் ஏதோ சொன்னான், அவள் தலையாட்டவில்லை.

அக்கா வெளியே வந்தபோது கையில் சோற்றுக் கோப்பைகள் இருந்தன.

"சாப்பிடுவம்" என்றாள். "போத்தல் மேசையிலையே இருக்கட்டும். ஒருத்தரும் எடுக்கவேண்டாம்."

எல்லாரும் போத்தலைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிறியள்? என்ரை மனிசன் பாலன் குடிலுக்கை ஒளிச்சவர். இவர் மாதா படத்தை ஒட்டி, துவாயாலை சுத்தி, பிளேனிலை கொண்டு வந்து என்ரை கையிலை தந்தவர். ஒளிக்கிறவனைத்தான் எனக்குப் பயம்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "இஞ்சை ஒளிச்சது ஆர்? நீங்கள் ரெண்டுபேரும். உங்களைப் பேந்து பாக்கிறன்."

மருமகள் அழுதுகொண்டு போய்த் தாயைக் கட்டிப்பிடித்தாள். "விடடி, கறி ஊத்துப்படுது" என்றாள் அக்கா. அன்ரி என் காதுக்குக் கிட்ட வந்து, "அப்ப அந்த மஞ்சள் பூ விசயம் உண்மையோ?" என்று கேட்டாள்.

எங்களைப் பார்க்கிறேன் என்று சொன்னவள் சொன்னபடி பார்த்தாள். மகளுக்கு ஏச்சோடு முடிந்தது. எனக்கு வேலை. மொன்றியலில் எங்கள் ஆட்களுடைய கலியாணம் என்றால் மண்டபத்துக்குள் பாதி, கார் நிறுத்துகிற இடத்தில் பாதி. பெண்டுகள் உள்ளே இருப்பார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகக் காற்று வாங்கப் போவார்கள். ஒருவருடைய கார் டிக்கி திறந்திருக்கும். அதற்குள் போத்தல், பிளாஸ்டிக் கிளாஸ், கச்சான் கடலை. திரும்பி வரும்போது எல்லார் வாயிலும் சுவிங்கம்.

"என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை ஒருத்தனும் டிக்கிக்குப் போகக் கூடாது" என்றாள் அக்கா. "குடிக்கிறவன் உள்ளுக்கை, மனிசிக்கு முன்னாலை நிண்டு குடிக்கட்டும். நீதானே ஜூஸ் அடிக்கிறனி. மேசையைப் போட்டு அடி."

"நான் தாய்மாமன், அக்கா. மேடையிலை நிக்கவேணும்."

"மேடையிலை நிண்டுபோட்டு இறங்கி வந்து அடி."

அப்படித்தான் அந்தக் கோடையில் ரொக்ஸ்பரோவில் ஒரு மண்டபத்தில், பட்டு வேட்டியைச் சற்று மடித்துக் கட்டிக்கொண்டு, தேசிக்காய்ப் பெட்டிக்குப் பின்னால் நின்றேன். தேவையான அனுமதியை மருமகளே எடுத்து வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் எனக்குப் பக்கத்தில் நின்று தேசிக்காய் வெட்டினார். நாரை எடுப்பதில் என்னைவிடக் கை சுத்தம். பனங்கட்டியைத் தட்டித் தூளாக்கி வைத்திருந்தேன். அதை ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கரும்பு என்று கேட்டார். மரத்திலிருந்து வருவது என்றேன். என்னை நம்பவில்லை.

முதலில் ஒருவரும் கிட்ட வரவில்லை. எல்லாக் கலியாணத்திலும் டிக்கிக்குப் பக்கத்தில் நான் காணுகிற ஓர் அண்ணை மேசையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"என்ன தம்பி, தேசிக்காய்த் தண்ணியோ?"

"இல்லை அண்ணை. கஷாசா. ஒண்டு போடட்டே?"

பக்கத்தில் மனைவி நின்றார். "சீச்சி. நான் இதுகள் தொடுறேல்லை" என்றார் அண்ணை.

"ஓம் தம்பி, அவர் தொடமாட்டார்" என்றார் மனைவி. "எங்கடை கார் டிக்கிதான் குடிக்கிறது. எனக்கு ஒண்டு போடும், பாப்பம்."

போட்டேன். அவர் ஒரு வாய் குடித்தார், கண்ணைச் சுருக்கினார், பிறகு முழுவதையும் முடித்தார். அண்ணை பார்த்துக்கொண்டே நின்றார். அதன் பிறகு சேலைகளாகத்தான் வந்தன. பனங்கட்டி போட்டது என்று கேள்விப்பட்டு, உடம்புக்கு நல்லது என்று ஒருத்தி சொல்ல, வரிசை கதவு வரைக்கும் போனது. காற்று வாங்கப் போன சிலர் வெளியே கதவடியில் கதிரை போட்டிருந்த கீழ்வீட்டு அன்ரியைக் கண்டு திரும்பி வந்தார்கள். வேறு வழியில்லாமல் மனைவிமாருக்குப் பின்னால் வரிசையில் நின்று, ஒன்று வாங்கி, மேசையடியிலேயே நின்று மெல்ல மெல்லக் குடித்தார்கள். எங்கள் ஆட்கள் மெல்லக் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். இரண்டாவது கேட்டவர் குறைவு.

பொம்பிளையும் மாப்பிள்ளையும் கேக் வெட்டிய பிறகு அக்கா வந்தாள். கூறைச் சீலையைவிடப் பாரமான ஒரு சேலை, முகத்தில் வேர்வை.

"சாராயம் இல்லாமல் எனக்கு ஒண்டு தா."

தேசிக்காய், பனங்கட்டி, ஐஸ், தண்ணி. கொடுத்தேன். சம்பந்திக்கு ஒரு முழுக் கிளாஸ். அவர் அதைத் தூக்கி, குடிக்குமுன் சரித்து நிலத்தில் ஒரு துளி விட்டார்.

"என்னடா இது, ஊத்துறார்?"

"முதல் துளி புனிதருக்காம். அங்கத்தை வழக்கம்."

"எந்தப் புனிதருக்கு எண்டு கேள்."

கேட்டேன். தாகமாக இருக்கிறவர் யாரோ அவருக்கு என்றார் மனிதர்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா தன்னுடையதையும் சரித்து, வெறும் தேசிக்காய்த் தண்ணியில் ஒரு துளியை நிலத்தில் விட்டாள்.

"என்ரை மனிசனுக்கு இது போதும்" என்றாள். "துடைச்சு விடு, ஆரும் வழுக்கி விழப்போகினம்."

நான் துணியை எடுத்துக் குனிந்தேன். மேலே அவர்கள் இரண்டு பேரும் கிளாசை முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.